நடுக்கட்டத்தில் ஒரே கோடு

திங்கள், பிப்ரவரி 3

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், என் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று செல்பேசியில் பார்த்தேன். 213. நேற்று 212. நைஜீரியாவில் யாரோ ஒரு புண்ணியவான். அதன் பிறகுதான் மோட்டார் போட்டேன், பால் காய்ச்சினேன்.

"ஏறிருக்கா?" என்றார் இவர். மின்வாரியத்தில் இருப்பவர். எது ஏறினாலும் கவலைப்படுவார்.

"ஒண்ணு ஏறிருக்குங்க."

"தினமும் பாக்கறயே, ஏறுனா விக்க முடியுமா?"

விற்க முடியாது. ஆனால் பேராசிரியர் ஆகலாம். வரும் 13ஆம் தேதி நேர்முகம். பதினெட்டு வருடமாகத் தொழில்முனைவுப் பாடம் நடத்துகிறேன். இணைப் பேராசிரியர் என்பதில் உள்ள 'இணை' போக எத்தனை புள்ளிகள் வேண்டுமோ அத்தனை புள்ளிகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றுகூட அதிகம் இல்லை. அவற்றில் பாதிக்கு மேல் அந்த ஒரே கட்டுரையால் வந்தவை: 'விவேக நடுநிலை'.

ஈரோட்டு வட்டாரப் பெண் தொழில்முனைவோர், இடர் பற்றிய கேள்வி வந்தால் ஆம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை; விவேகத்தோடு நடுவில் நிற்கிறார்கள். இதுதான் என் கண்டுபிடிப்பு. முனைவர் பட்டத்துக்காக 2011இல் 118 பெண்களிடம் படிவம் வாங்கினேன். அதில் மொடக்குறிச்சிப் பக்கத்து 61 பேர், ஒருவர் பாக்கியில்லாமல், 31ஆம் கேள்வியிலிருந்து 40ஆம் கேள்வி வரை, ஐந்து கட்டங்களில் நடுக்கட்டத்திலேயே குறித்திருந்தார்கள். உலகத்தில் வேறெங்கும் இப்படி வந்ததில்லை.

செவ்வாய், பிப்ரவரி 4

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு. 'இடர் ஏற்றல்' பாடம். 2014இல் செய்த அதே ஸ்லைடுகள். அதில் மலையேறும் ஒருவரின் படம் உண்டு. இந்த வருடமும் அவர் உச்சியை அடையவில்லை.

தொழில் திட்டப் போட்டிக்கு ஒன்பது குழுக்கள். ஏழு குழுக்கள் டீக்கடை வைக்கின்றன. எட்டாவது குழு, பக்கத்தில் எங்கே டீக்கடை இருக்கிறது என்று காட்டும் செயலி செய்கிறது. ஒன்பதாவது குழு யோசித்துக்கொண்டிருக்கிறது. டீ குடிக்கப் போயிருப்பதாகத் தகவல்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "மேம், நீங்க ஏதாச்சும் பிசினஸ் பண்ணிருக்கீங்களா?"

"ஆராய்ச்சி பண்ணிருக்கேன்."

"அது சரிங்க மேம். பிசினஸ்?"

மணி அடித்தது.

வீட்டுக்கு வந்து, என் இடர் ஏற்புப் படிவத்தை எனக்கு நானே நிரப்பிப் பார்த்தேன். நாற்பது கேள்விகள். முப்பத்தாறில் நடு. மீதி நான்கு கேள்விகள் புரியவில்லை. எழுதியது நான்தான்.

புதன், பிப்ரவரி 5

கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். நேர்முகக் குழுவில் தொழில்துறையிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்று புது விதியாம். தாளாளர் ஒருவரைச் சொல்லிவிட்டாராம்.

"நீங்களே போய்க் கூப்புட்டுருங்க மேடம்."

"சார், என்னைத் தேர்வு செய்ய வர்றவங்களை நானே போய்க் கூப்பிடறது..."

"நம்ம காலேஜ்தானுங்களே. அன்னிக்கே ஆண்டு விழாவுக்கும் அவங்களை விருந்தினராக்கிடலாம். ரெண்டு வேலை, ஒரே பொன்னாடை."

யார் என்று பார்த்தால், தெய்வா நைட்டீஸ் உரிமையாளர் தெய்வானை அக்கா! எனக்கு ஒரே சந்தோஷம். 2011இல் அவர் மகளிர் குழுத் தலைவி. மொடக்குறிச்சிப் பக்கத்துப் படிவங்களைக் கொண்டுபோய்க் கொடுத்து, நிரப்பி வாங்கித் தந்தவர். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயர் மூன்றாவது. இவர் பெயர் நான்காவது. இவருக்கு அந்த மனத்தாங்கல் இன்னும் இருக்கிறது.

வியாழன், பிப்ரவரி 6

ஒரு டஜன் சாத்துக்குடியோடு போனேன். பெரிய கொட்டகை, அறுபது எழுபது தையல் மிஷின்கள், ரேடியோப் பாட்டு, கூரை வரை பூப்போட்ட நைட்டிகள். நடுவில் தெய்வானை அக்கா கழுத்தில் டேப்போடு நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் கையைத் தட்டினார்.

"அட, நம்ம டப்பா டீச்சரு!"

படிவம் நிரப்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு எவர்சில்வர் டப்பா தருவது அப்போது என் ஏற்பாடு. இப்போது முனைவர் ஆகியிருக்கிறேன், 213 மேற்கோள்கள் இருக்கின்றன. ஊரில் இன்னும் டப்பா டீச்சர்தான்.

விஷயத்தைச் சொன்னேன். "வர்றனுங்க, அதுக்கென்ன" என்றார். டீ வந்தது. நானாகத்தான் பேச்சை எடுத்தேன்.

"அன்னிக்கு நீங்க படிவம் வாங்கிக் குடுக்கலீன்னா நான் இந்த அளவுக்கு வந்திருக்க மாட்டேங்க்கா."

"இருக்காதா பின்ன? ஒரே உக்கார்ல அறுபத்தொரு பாரம் எழுதுனனுங்க. கை வீங்கிப்போச்சு."

"எழுதுனீங்களா? எழுதி வாங்குனீங்க..."

"யாருகிட்டப் போயி வாங்கறது? அவ அவ மஞ்சக்காட்டுல கெடந்தா. நீங்க வேற திங்கக்கெழமைக்குள்ள வேணும் வேணும்ன்னீங்க. பாவம், படிக்கற புள்ளையாச்சேன்னு நானே உக்காந்து போட்டுட்டேன். ஆனா டப்பா ஒண்ணு தவறாம ஆளாளுக்குக் குடுத்துட்டனுங்க. டப்பால நான் கை வெக்கல. சாமி சத்தியம்."

டீ எனக்கு மூக்கில் ஏறியது.

"முப்பது கேள்வி வரைக்கும் ஒவ்வொருத்தியா மனசுல நெனச்சுத்தானுங்க போட்டேன்" என்று தொடர்ந்தார். "சுப்பாத்தா ரோசக்காரி, அவளுக்கு எல்லாம் மொதக் கட்டம். மல்லிகா எதுக்கும் துணிஞ்சவ, அவளுக்குக் கடைசிக் கட்டம். அதுக்கு மேல முடியலீங்க. நடுக்கட்டத்துல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கோடு. நடுவுல போட்டா யாரும் தப்புன்னு சொல்ல முடியாதல்லோ?"

என் கட்டுரையின் முக்கியமான வரி: 'எவராலும் தவறென்று சொல்ல இயலாத நிலையை அவர்கள் விவேகத்தோடு தேர்கிறார்கள்.' கிட்டத்தட்ட அதேதான். 'அவர்கள்' என்பது மட்டும் ஒருமை.

என் முகத்தைப் பார்த்து அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "சரியா வரலைங்களா? வேணும்னா மறுக்காப் போட்டுத் தரட்டுங்களா? இப்ப என்ற கிட்ட நல்ல பேனா இருக்குது."

வேண்டாம் என்றேன். உடனே சொல்லவில்லை.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட்டேன். சிலிண்டர் பதிந்தேன். தோசை மாவு வாங்கினேன்.

வெள்ளி, பிப்ரவரி 7

உடம்பு சரியில்லை என்று விடுப்பு. இவர் ஆபீஸ் போனதும் ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். 118 படிவங்களும் ஒரு அரிசிப் பையில் இருந்தன. 57 படிவங்களில் நீல மை, கறுப்பு மை, பென்சில்; ஒன்றில் குழம்புக் கறை. மீதி 61லும் பச்சை மை.

அப்போது இதை நான் கவனிக்கவில்லையா என்று யோசித்தேன். அந்த ஊர்க் கடையில் பச்சைப் பேனாதான் கிடைத்திருக்கும் என்று நினைத்தது ஞாபகம் வருகிறது. அப்படியென்றால் கவனித்திருக்கிறேன்.

கோடுகள் நேர்த்தியாக இருந்தன. ஸ்கேல் வைத்திருக்கிறார். 44ஆம் படிவத்தில் மட்டும் கை வழுக்கி, கோடு கட்டங்களைத் தாண்டி, 'தங்கள் மேலான ஒத்துழைப்புக்கு நன்றி' என்ற வரியின் மேலேயே போயிருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றால் புள்ளி போகும். புள்ளி போனால் பதவி போகும். அடுத்த வாய்ப்புக்கு மூன்று வருடம் ஆகும், அதுவும் அதற்குப் பிறகு யாராவது என்னைக் கூப்பிட்டால். எனக்கு நாற்பத்தாறு.

யாருக்கும் நஷ்டமில்லாத கட்டுரை அது. யாரும் அதைப் படித்துவிட்டுக் கிணற்றில் விழவில்லை.

ஏணியில் முட்டி இடித்துவிட்டது. தைலம் தேய்த்தேன்.

சனி, பிப்ரவரி 8

விடியும்போது ஒரு யோசனை. தரவு தவறாக இருந்து, கண்டுபிடிப்பு சரியாக இருக்கலாம் அல்லவா? அந்த அறுபத்தொரு பெண்களில் சிலரிடம் இப்போது கேட்டு, அவர்களும் நடுக்கட்டத்தையே சொல்லிவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. இதற்கு முன்னுதாரணம் உண்டா என்று தெரியவில்லை. புதிய படிவங்கள் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பழைய பட்டியலில் இருந்தவர்களில் ஒன்பது பேர் இப்போது அக்காவிடமே தைக்கிறார்கள். டீ இடைவேளையில் நைட்டி மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னை அறிமுகப்படுத்தினார்: "டப்பா குடுத்தாங்கல்லோ, அந்த டீச்சரு."

"அந்த டப்பாலதானுங்க இன்னிக்கும் கடுகு போட்டு வெச்சிருக்கேன்" என்றார் ஒருவர். "மூடி மட்டும் சேரவே இல்லீங்க."

34ஆம் கேள்வியை வாசித்தேன்: "போட்ட முதல் திரும்பி வராது என்ற நிலையிலும் புதிய தொழிலைத் தொடங்குவேன்." ஐந்து கட்டங்களையும் விளக்கினேன்.

"தெரிஞ்சுக்கிட்டே எவளாச்சும் தொடங்குவாளா?" என்று சுப்பாத்தா அக்கா எரிந்து விழுந்தார். "எந்தக் கூறுகெட்டவ இந்தக் கேள்விய எழுதுனா?"

"நான்தாங்க்கா."

"தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு. கேள்வி தப்பு."

மல்லிகா கையைத் தூக்கினார். "நான் தொடங்குவனுங்க. தொடங்கிருக்கேன். மூணு வாட்டி."

"மூணு வாட்டி மூடுனயே, அதையும் சொல்லு" என்றார் சுப்பாத்தா அக்கா.

"மூடாம? இட்லிக்கடை போட்டு மூணு நாளு ஒரு ஈ காக்கா வரலீங்க டீச்சர். மூணு நாளும் நானும் எம்புள்ளைகளும் இட்லியே தின்னோம். நாலாம் நாளு அவனுக பள்ளிக்கோடத்துல போயி எங்கம்மா கடையில இட்லி சூப்பர்னு சொல்லீட்டானுக. வாத்தியாரு வந்தாரு. அப்பறம் எட்டு மாசம் ஓடுச்சு."

"அப்பறம் ஏன் மூடுனீங்க?"

"வாத்தியாரு மாத்தலாயிப் போயிட்டாரு."

ஒன்பது பேரும் கூரை இடியச் சிரித்தார்கள். அதன் பிறகு என் கையில் நிற்கவில்லை. ஒருவர் பேச இன்னொருவர் மறுக்க, மூன்றாமவர் இரண்டு பேரையும் திட்டினார். ஒரு கேள்விக்கும் ஒருவர்கூட நடுவில் நிற்கவில்லை. கடைசியில் சுப்பாத்தா அக்கா படிவத்தை வாங்கிப் புரட்டினார்.

"இந்த நடுக்கட்டம் யாருக்குங்க?"

"இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்லைன்னு நெனைக்கறவங்களுக்குங்க்கா."

"அப்படி ஒருத்தி இருப்பாளா?" என்று சுற்றிப் பார்த்தார். எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும், மரியாதையாக, என்னைப் பார்த்தார்கள்.

ஞாயிறு, பிப்ரவரி 9

கை வலிக்கிறது. நேற்று நோட்டில் பத்தொன்பது பக்கம் எழுதியிருக்கிறேன். படிவங்களில் ஒரு குறிகூட இல்லை.

திங்கள், பிப்ரவரி 10

புள்ளியியல் துறை பெர்னார்டு சாரும் நானும் இருபது வருடப் பழக்கம். என் ஆய்வுப் படிவங்களை வைத்து அட்டவணைகள் போட உதவியவர். கேன்டீனில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சார், ஒரு ஸ்காலர் விஷயமா ஒரு சந்தேகம். தெரிஞ்ச பொண்ணு. அவளோட பழைய டேட்டால கொஞ்சம் பிரச்சினை."

"எந்த ஸ்காலர்?"

"உங்களுக்குத் தெரியாதுங்க சார்."

"பச்சை மையா?"

வடை நெஞ்சில் நின்றுவிட்டது. அவர் சாம்பாரில் கவனமாக இருந்தார்.

"பத்துக் கேள்விக்கு விலகல் பூஜ்யம், அறுபத்தொரு பேருக்கும் துளி வித்தியாசமில்லைன்னு அப்பவே உங்ககிட்டச் சொன்னேன் மேடம். உயிரோட இருக்கற மனுசங்ககிட்ட பூஜ்யம் வராதுன்னேன். நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? எங்க ஊருப் பொம்பளைங்க ஒத்துமையானவங்கன்னீங்க."

"நீங்க அழுத்திச் சொல்லிருக்கலாமே சார்."

"சொல்லிருக்கலாம். எனக்கும் அந்தக் கட்டுரையில பேரு போட்டிருந்தீங்களே, ரெண்டாவதா" என்றார். சாம்பாரை வழித்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு என்ன பண்றதா இருக்கா?" என்று கேட்டார்.

"யோசிக்கறா சார்."

"நல்ல பொண்ணு. சட்னி வேணுமா?"

செவ்வாய், பிப்ரவரி 11

தைப்பூசம், விடுமுறை. இவர் நேர்முகக் குழுவாக உட்கார்ந்து என்னைத் தயார் செய்தார். அதற்காகச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"உங்க கண்டுபிடிப்பை ரெண்டு வரில சொல்லுங்க மேடம்."

சொன்னேன்.

"ஆமும் சொல்றதில்ல, இல்லையும் சொல்றதில்லையா? எங்க ஆபீஸ்ல நூத்தம்பது பேரு அப்படித்தான் இருக்கோம். எங்களுக்கு ஒரு டாக்டர் பட்டமும் குடுக்கலையே?"

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "ஏனுங்க..." என்றேன். "ஏனுங்க எல்லாம் போடக் கூடாது, சார்னு சொல்லணும்" என்றார். அடுத்த கேள்விக்குப் போனோம்.

புதன், பிப்ரவரி 12

நாளைக்குப் பட்டுச் சேலையா, பருத்தியா. பருத்தி.

வியாழன், பிப்ரவரி 13

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். தாளாளர், முதல்வர், பல்கலைக்கழகப் பிரதிநிதி, ஓரத்தில் பொன்னாடையோடு தெய்வானை அக்கா. என்னைப் பார்த்துக் கையசைத்தார். நேர்முகத்தில் குழு கையசைத்து நான் பார்த்ததில்லை.

பல்கலைக்கழகப் பிரதிநிதி என் கட்டுரையைப் பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறாராம். பத்து நிமிடம் அவரே பேசினார். நான் எழுதாததெல்லாம் அதில் இருப்பதாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். பிறகு தாளாளர், "அம்மா, தொழில்துறை சார்பா நீங்க ஒரு கேள்வி கேளுங்க" என்றார்.

தெய்வானை அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நடுவுல நிக்கறதுக்கு ஏதோ பேரு வெச்சிருக்கீங்களே, என்னங்க அது?"

"விவேக நடுநிலைங்க்கா... மேடம்."

"நல்ல பேருங்க. ஆனா அன்னிக்கு எனக்குக் கை வலிச்சுதுங்க, அவ்வளவுதான். அறுபத்தொண்ணும் நானேதான் போட்டேன்."

பல்கலைக்கழகப் பிரதிநிதி மேசையைத் தட்டிச் சிரித்தார். தாளாளர் சிரித்தார். முதல்வர், அவர் சிரித்ததால் சிரித்தார்.

"பாத்தீங்களா?" என்றார் பிரதிநிதி. "எவ்வளவு அடக்கம்! தான் செஞ்சது விவேகம்னு அவங்களுக்கே தெரியல. ஒரு சமூகமே ஒரே ஆள் மாதிரி முடிவெடுக்குதுன்னு எவ்வளவு எளிமையாச் சொல்லிட்டாங்க! இதுதான் சார் கோட்பாடு. இவங்க அதோட உயிருள்ள சாட்சி."

"இல்லீங்க, நெசமாலுமே நான்தான்..." என்றார் அக்கா.

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அந்த அறையில் விளக்கிச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். நானும் சிரித்தேன்.

வாசலில் காரில் ஏறும்போது அக்கா என் கையைப் பிடித்தார். "நான் ஏதாச்சும் கோளாறாச் சொல்லீட்டனுங்களா டீச்சர்?"

"இல்லீங்க்கா."

"உள்ளதச் சொன்னா இந்தச் சிரிப்புச் சிரிக்கறாங்க. படிச்சவங்க நல்லா சந்தோசமாத்தான் இருக்கீங்க."

மூன்று மணிக்குச் சொல்லிவிட்டார்கள். நான் தேர்வாகிவிட்டேன். திங்கட்கிழமை பத்து மணிக்குத் தாளாளர் கையால் உத்தரவு.

வெள்ளி, பிப்ரவரி 14

துறையில் கேக் வெட்டினார்கள். 'வாழ்த்துகள் பேராசிரியர்' என்று எழுத இடம் போதாமல் 'பேரா' வரை எழுதியிருந்தார்கள். பெர்னார்டு சார் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார்.

மதியம் பல்கலைக்கழகப் பிரதிநிதி தொலைபேசினார். வரும் ஜூனிலிருந்து 'விவேக நடுநிலை' கட்டாயப் பாடமாகிறது. பல்கலைக்கழகத்தின் கீழுள்ள எல்லாக் கல்லூரிகளிலும். பத்து மதிப்பெண் கேள்வி நிச்சயம் உண்டாம். படத்தோடு எழுதினால் முழு மதிப்பெண். "படம்னா வேற ஒண்ணும் இல்ல மேடம், அஞ்சு கட்டம் போட்டு நடுவுல ஒரு கோடு."

நன்றி சொல்லி வைத்தேன். கேக் மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இவர் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

சனி, பிப்ரவரி 15

நோட்டில் மல்லிகா சொன்னதை மறுபடி வாசித்தேன். அவர் மூன்றாவதாகத் தொடங்கியதை ஏன் மூடினார் என்று கேட்க விட்டுப்போயிருக்கிறது.

ஞாயிறு, பிப்ரவரி 16

காலையில் துணி ஊறவைத்துவிட்டு, ஆய்விதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். முதல் வடிவத்தில் 'தரவு சேகரிப்பில் நேர்ந்த சிறு குறைபாடு' என்று இருந்தது. வாசித்துப் பார்த்தால் எனக்கே பாராட்டுப் போலத் தெரிந்தது. கிழித்தேன். இரண்டாவதில் 'என் கவனக்குறைவு'. அதை ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். துணி துவைத்து, காயப்போட்டு, வந்து மறுபடி பார்த்தேன். பச்சை மையை 2011இலேயே நான் கவனித்தேன். ஸ்கேலையும் கவனித்தேன். பெர்னார்டு சார் சொன்னபோது ஊர் ஒற்றுமை பற்றி அவருக்குப் பாடம் எடுத்தேன். இதற்குக் கவனக்குறைவு என்று பெயரில்லை.

அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'எனக்குத் தெரிந்திருந்தது' என்று எழுதினேன். இப்போது கடிதம் ஏழே வரிதான். என் எழுத்திலேயே சுருக்கமானது இதுதான். பெர்னார்டு சார் பெயரும் கட்டுரையில் இருப்பதால் அவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அதையும் நாளைக் காலையில்தான்.

இவர் உள்ளே வந்தார். வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகை சொல்லப் போகிறாராம், பித்தளையில். "முனைவர் மேல வரணுமா, பேராசிரியர் மேல வரணுமா?"

"அவசரம் என்னங்க?"

"அவசரமில்லாம? மூணு நாளா எவங்கிட்டயும் வாயத் தொறக்காம இருக்கேன், நாளைக்கு உத்தரவு வரட்டும்னு. பேருக்கு முன்னாடி ரெண்டும் போட்டா பலகை ரெண்டடி வருதுங்கறான். நம்ம வாசல் கேட் அதைத் தாங்காதாம்."

"அளவு மட்டும் கேட்டு வைங்க."

தாளாளர் அறையில் பத்து மணிக்கு உத்தரவு. ஒன்பதரைக்குக் கடிதத்தை ஆய்விதழுக்கு அனுப்பிவிடுவேன். ஒன்பதே முக்காலுக்கு அதன் நகல் தாளாளர் மேசையில் இருக்கும், அவர் பேனாவைத் திறப்பதற்கு முன்னால். பல்கலைக்கழகப் பிரதிநிதிக்கு இன்னொரு நகல். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இவர் இப்போது ஹாலில் போனில் இருக்கிறார். எழுத்து ஒவ்வொன்றும் மூன்று அங்குலமாவது வேண்டும், தெரு முனையிலிருந்தே தெரிய வேண்டும் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். குரலில் அவ்வளவு சந்தோஷம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.